பார்வைக்கு அழகு... பையனுக்கு உதவாது!

"ஏன்டி, ஒரு மிக்ஸி வாங்கறதுக்கு மூணு கடை ஏறி இறங்குவே. மூடி சரியா உட்காருதா, ஜார் மாத்திப் போட்டா சுத்துதான்னு பார்த்துதான் பணத்தைக் கொடுப்பே. நீ போய் இதுல எப்படி ஏமாந்தே?"

போனில் அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நான் ஏமாறவில்லை, சகோதரிகளே. யாரும் என்னை ஏமாற்றவும் இல்லை. அழகைப் பார்த்து அவசரப்பட்டேன், அவ்வளவுதான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் போகும் யாருக்காவது உபயோகப்படும்.

நாங்கள் 2023 ஏப்ரலில் டோக்கியோவுக்கு வந்தோம். நகரத்தின் கிழக்குப் பக்கம் நிஷிகசாய் என்ற இடம். இங்கே இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. துவரம் பருப்பும் புளியும் நடந்து போய் வாங்கலாம். இவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. பையனை அருகிலிருந்த அரசாங்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம்.

திருச்சியில் இருந்தவரை அவன் வாய் ஓயாது. பள்ளிக்கூட வேனில் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை பேசிக் கொண்டே வருவான் என்று டிரைவரே சொல்லிச் சிரிப்பார். இங்கே வந்ததும் அந்த வாய் அடைத்துப் போயிற்று. பாஷை தெரியாத கூச்சம். வகுப்பில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறான் என்று ஆசிரியை எழுதி அனுப்பினார். ஆறு மாதம் கழிந்தது, எட்டு மாதமும் கழிந்தது. வீட்டிலும் பேச்சு குறைந்தது. ராத்திரி அவன் தூங்கிய பிறகு அந்த முகத்தைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்தக் கவலையைத் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் கடைசியில் ஜப்பானியர்கள் வீட்டை ஒழித்துப் பெருக்குவார்கள். நம் போகிக்கு ஒட்டடை அடிப்பது போலத்தான். கீழ் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பையன் அவரை 'ஒபாசன்' என்று கூப்பிடுவான், பாட்டி என்று அர்த்தம். அவர் பரண் சாமான்களை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. அதற்குள் பச்சை நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுக் கேசட். மேலே ஒட்டியிருந்த படத்தில் முதுகில் பெரிய பூவைச் சுமந்த ஒரு மிருகம். 'போக்கிமான் பச்சை' என்ற அந்த விளையாட்டு 1996 பிப்ரவரியில் வெளிவந்தது. அவருடைய மகன் சிறுவனாக இருந்தபோது விளையாடியது. அதைப் போட்டு விளையாடும் மெஷின் எப்போதோ உடைந்து போயிற்றாம்.

"ஆகட்டும், நீ வைத்துக்கொள்" என்று சைகையால் சொல்லிப் பையன் கையில் கொடுத்தார்.

அன்று முழுவதும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது, "அம்மா, இதுக்குள்ள என்னம்மா இருக்கும்? எப்படியாவது பார்க்கலாமா?" என்றான்.

பல நாள் கழித்து அவனாகக் கேட்ட கேள்வி அது. நான் எப்படி மாட்டேன் என்பேன்?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பையன் கையில் போனைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். விளம்பரம், முன்பின் தெரியாதவர்கள், முடிவே இல்லாத வீடியோ என்று ஒன்றன் பின் ஒன்றாக இழுத்துக் கொண்டு போய்விடும். ஆனால் இந்தப் பழைய கேம் மெஷின்களில் இன்டர்நெட் கிடையாது. ஒரு கேசட், ஒரு விளையாட்டு. நிறுத்தினால் நின்று விடும். இது எனக்குப் பிடித்தது.

ஜனவரியில் ஒரு நாள் பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அகிஹபாராவுக்குப் புறப்பட்டேன். தோஸாய் ரயிலில் போய்க் கயாபச்சோவில் மாறினால் சிறிது நேரத்தில் அகிஹபாரா. ரேடியோ, கம்ப்யூட்டர், விளையாட்டுச் சாமான் என்று தெருத்தெருவாகக் கடைகள். பழைய மெஷின்கள் விற்கும் கடை ஒன்றில் மாடி ஏறினேன். அவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பச்சைக் கேசட்டைக் கையோடு கொண்டு போகவும் இல்லை. முதல் தவறு அதுதான்!

கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்தேன். அரக்குச் சிவப்பும் தங்க நிறமும் கலந்து, அசல் கூறைப்புடவை நிறம். 'கேம் பாய் மைக்ரோ' என்று பெயர். 2005இல் வந்த மாடல். எடை 80 கிராம்தான். திரை சின்னது, இரண்டே அங்குலம். ஆனால் என்ன பளிச்! பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் படம் கண்ணாடி போலத் தெரிந்தது. "கேம் பாய்தானே?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. வாங்கி விட்டேன்.

சாயங்காலம் பையன் பெட்டியைப் பிரித்தான். முகம் மலர்ந்தது. பச்சைக் கேசட்டை எடுத்து வந்து மெஷினில் செருகப் பார்த்தான். போகவில்லை. திருப்பிப் பார்த்தான். வாய் சின்னது, கேசட் பெரிது. எந்தப் பக்கம் வைத்தாலும் நுழையாது.

"பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டையும் மேஜை மேல் அடுத்தடுத்து வைத்தான். அழுதிருந்தால்கூடச் சமாதானம் செய்திருப்பேன். அந்தப் 'பரவால்ல'தான் என்னை அறுத்தது.

இவர் வந்து பார்த்துவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவனையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றார். நியாயம்தான். இரவிக்கைத் துணியைக் கையோடு எடுத்துப் போகாமல் அதற்குப் பொருத்தமாகப் புடவை எடுக்கப் போனவள் கதைதான் என்னுடையது.

அடுத்த சனிக்கிழமை மூவருமாகப் போனோம். இந்தத் தடவை கேசட் பையன் சட்டைப் பையில் இருந்தது. அதைப் பார்த்ததுமே கடைக்காரருக்குப் புரிந்து விட்டது. சிரித்துக் கொண்டே மெஷின்களை வரிசையாக எடுத்து வைத்தார். இவர் மொழிபெயர்க்க, நான் பாடம் கேட்டேன்.

முதலில் வந்தது 1989இன் கேம் பாய். செங்கல் மாதிரி கனம். நாலு பென் டார்ச் பேட்டரி போட வேண்டும். வண்ணமும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது; பச்சையும் சாம்பலுமான திரை. அதே காலத்தில் மற்றக் கம்பெனிகள் வண்ணத் திரையும் வெளிச்சமும் உள்ள மெஷின்களைக் கொண்டு வந்தன. 1989இல் 'லின்க்ஸ்', 1990இல் 'கேம் கியர்'. ஆனால் அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். மங்கலான கேம் பாயோ ஒரு முறை பேட்டரி போட்டால் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். கடைசியில் ஜெயித்தது மங்கல் மெஷின்தான். இதை உருவாக்கிய குழுவை நடத்திய குன்பெய் யோகோய் என்பவர், புதிதாக வந்த விலையுயர்ந்த சாமான்களைத் தேடிப் போகாமல், பழகி மலிந்து போனதை வைத்தே நல்ல விளையாட்டுச் செய்யலாம் என்ற கொள்கை உடையவராம். அவர் நம் வீட்டில் பிறந்திருந்தால் மீந்த இட்லியில் உப்புமா செய்திருப்பார் என்று நினைத்துக் கொண்டேன்!

அடுத்து 1996இல் இளைத்து வந்த 'பாக்கெட்'. 1998இல் வண்ணத்தோடு வந்த 'கலர்'. இவற்றிலெல்லாம் பச்சைக் கேசட் ஓடும். ஆனால் திரைக்கு வெளிச்சம் கிடையாது. வெளிச்சத்தோடு 'கேம் பாய் லைட்' என்று ஒன்று 1998இல் ஜப்பானில் மட்டும் வந்தது. அது சேகரிப்பவர்கள் தேடும் பொருளாகி விட்டதால் விலையைப் பார்த்ததுமே கீழே வைத்து விட்டேன்.

2001இல் வந்தது 'அட்வான்ஸ்'. படுக்கை வாட்டத்தில் அகலமாக, இரண்டு கைகளாலும் பிடிக்கச் சௌகரியமாக இருந்தது. இரண்டு பேட்டரியில் சுமார் 15 மணி நேரம். இதன் கேசட் புது மாதிரி, சின்னது. ஆனாலும் பழைய பெரிய கேசட்டையும் இது ஏற்றுக் கொள்ளும். பையன் பிடித்துப் பார்த்தான், கைக்கு அடக்கமாக இருந்தது. குறை ஒன்றுதான்: இதற்கும் வெளிச்சம் இல்லை. ஜன்னல் ஓரம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் டோக்கியோவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குழந்தை கண்ணை இடுக்கிக் கொண்டு பார்ப்பதை நினைத்து வேண்டாம் என்றேன்.

2003இல் வந்தது 'அட்வான்ஸ் எஸ்.பி.' பவுடர் டப்பா மாதிரி மடித்து மூடலாம். மூடினால் திரை உள்ளே பத்திரம். கீழே விழுந்தாலும் கீறாது. பேட்டரி வாங்க வேண்டாம், சார்ஜ் செய்து கொள்ளலாம். புதிதில் விளக்கு எரிந்தால் சுமார் 10 மணி நேரம், அணைத்தால் சுமார் 18 மணி நேரம் ஓடும். பழைய கேசட், புதுக் கேசட் இரண்டும் போடலாம். பெரிய கேசட் கீழே கொஞ்சம் நீட்டிக் கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்திலேயே 2006இன் 'டி.எஸ். லைட்'. இரண்டு திரை, நல்ல வெளிச்சம். இவருக்கு அதன் மேல்தான் கண். "ரெண்டு தலைமுறை விளையாட்டு ஓடும். இதையே வாங்கிடலாமே?" என்றார். பையன் பேசாமல் பச்சைக் கேசட்டை நீட்டினான். கடைக்காரர் தலையை ஆட்டினார். டி.எஸ். லைட்டில் அதற்குரிய கேசட்டும் அட்வான்ஸின் சின்னக் கேசட்டும் போடலாம். பழைய கேம் பாய் கேசட் போகாது. நான் மைக்ரோவில் செய்த அதே தவறை இவர் டி.எஸ்.ஸில் செய்யப் பார்த்தார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி!

எஸ்.பி.யிலும் இரண்டு வகை உண்டு என்று கடைக்காரர் சொன்னார். முதல் வகையில் விளக்கு திரைக்கு முன்னாலிருந்து அடிக்கும். படம் கொஞ்சம் வெளுத்தாற்போலத் தெரியும். 2005இல் அமெரிக்காவில் வந்த இரண்டாம் வகையில் வெளிச்சம் பின்னாலிருந்து வரும், படம் பளிச்சென்று இருக்கும். அந்த வகை ஜப்பானில் விற்பனைக்கு வரவே இல்லை. அடையாளம் சுலபம். விளக்குப் பொத்தானை அழுத்தினால் முதல் வகையில் விளக்கு அணைந்து விடும். இரண்டாம் வகையில் அணையாது, கூடுதல் குறைவு மட்டும்தான்.

"அமெரிக்காவுல இருந்து வரவழைக்கலாமா?" என்று இவர் ஆரம்பித்தார். நான் பையனைப் பார்த்தேன். அவன் ஏற்கனவே கேசட்டை முதல் வகை எஸ்.பி.யில் செருகி விட்டான். 'டிங்' என்று மணிச் சத்தம். "அம்மா, வருது! வருதும்மா!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அப்புறம் என்ன யோசனை? அதையே வாங்கினோம். விலையும் நான் வாங்கிய மைக்ரோவைவிடக் குறைவு.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தோம். திரையில் சில வரிகள். 'விட்ட இடத்திலிருந்து' என்று ஒன்று, 'முதலிலிருந்து' என்று ஒன்று. முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெயரும் விளையாடிய நேரமும் தெரிந்தன. 87 மணி நேரம். கீழ் வீட்டுப் பாட்டியின் மகன் சிறு வயதில் விட்டு வைத்த ஆட்டம், கேசட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியின் தயவில் அத்தனை வருஷம் அழியாமல் இருந்திருக்கிறது!

இந்த விளையாட்டில் ஒருவர் ஆட்டத்தைத்தான் பதிந்து வைக்க முடியும். நம் பையன் புதிதாக ஆடிப் பதிந்தால் பழையது போய்விடும்.

"நான் அழிக்க மாட்டேம்மா. இது அந்த அண்ணாவோடது" என்றான். மெஷினை மூடி எடுத்துக் கொண்டு மாடிப்படி இறங்கினான். பின்னாலேயே நானும் போனேன். பாட்டி வீட்டு வாசலில் நின்று, என் மகன் முழுசாக ஒரு வாக்கியம் ஜப்பானிய மொழியில் பேசினான். "ஒபாசன், உங்கள் பிள்ளை இதற்குள் இருக்கிறார்" என்று சொன்னானாம். பாட்டி கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார். பெயரைப் படித்தார். 87 மணி நேரம் என்பதைப் பார்த்ததும், "வீட்டுப் பாடம் செய்யாமல் இதைத்தான் செய்தானா!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக் கொண்டே கண்ணைத் துடைத்துக் கொண்டார். மகன் ஃபுகுவோகாவில் வேலையாக இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

அன்று ராத்திரியே பாட்டி போனில் கேட்டுச் சொன்னார். "அழிக்க வேண்டாம், ஆனால் பூட்டியும் வைக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து அவனே ஆடட்டும்" என்றாராம் மகன்.

அப்படித்தான் ஆடினான். அந்தப் பழைய விளையாட்டில் எழுத்தெல்லாம் கனா எழுத்துதான். கஷ்டமான காஞ்சி எழுத்து கிடையாது. புரியாத வார்த்தை வந்தால் கீழே ஓடுவான். பாட்டி அர்த்தம் சொல்வார். மெஷின் அவனைப் பேச வைத்தது என்று சொல்ல மாட்டேன். பேசுவதற்கு ஒரு விஷயமும், கேட்பதற்கு ஓர் ஆளும் கிடைத்தார்கள், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு அந்த மகன் ஊருக்கு வந்தார். முதல் வேலையாக மாடி ஏறி வந்து எங்கள் வீட்டுத் தரையில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து விட்டார். இரண்டு பேரும் பேசிய பேச்சு! எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் என் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் அதுவரை கேட்டதில்லை.

அந்த மைக்ரோ என்னாயிற்று என்கிறீர்களா? இவர் அட்வான்ஸ் கேசட் ஒன்று வாங்கிப் போட்டு, ஆபீஸ் போகும் ரயிலில் விளையாடுகிறார். கூட்டத்தில் ஒரு கையில் அடங்கும், இயர்போனும் மாட்டலாம். அவருக்கு அதுதான் சரியான பெட்டி. பொருளில் குற்றமில்லை, ஆள்தான் மாறியிருந்தது.

பழைய மெஷின் வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு, பட்டுத் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

முதலில் கையில் என்ன கேசட் இருக்கிறது என்று பாருங்கள். அதைக் கொண்டு போய்க் கடையிலேயே போட்டு ஓட விட்டுப் பாருங்கள். குழந்தையையும் கூட்டிப் போங்கள். பிடிக்கப் போவது அவன் கைதான்.

சார்ஜ் செய்யும் மாடல் என்றால் பேட்டரி மூடி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உப்பிய பேட்டரி ஆபத்து. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. பேட்டரி போடும் மாடல் என்றால் உள்ளே வெள்ளை அல்லது பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். விளையாடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வைத்து விடுங்கள்.

ஜப்பானில் வாங்கிய சார்ஜரை நம் ஊரில் அப்படியே செருகாதீர்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட், அங்கே 230. சார்ஜர் மேல் அச்சடித்திருப்பதைப் படித்த பிறகே செருகலாம்.

எஸ்.பி.யில் இயர்போன் நேராக மாட்ட முடியாது. தனியாக ஒரு இணைப்பு வேண்டும். எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. குழந்தை என்ன செய்கிறான் என்று சமையலறையிலிருந்தே கேட்கும்.

கேசட்டையும் பட்டன் பேட்டரியையும் கைக்குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மின்னும் வெளிச்சத்தில் வலிப்பு வந்த குழந்தையாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எந்தத் திரை விளையாட்டும் வேண்டாம்.

எங்கள் வீட்டுச் சட்டம் இது: பள்ளி நாட்களில் அரை மணி நேரம், அதுவும் வெளியே ஓடி விளையாடி வந்த பிறகு. நடுநடுவே தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்க்க வேண்டும். "இதோ முடிச்சிடறேம்மா" என்ற சாக்கு செல்லாது. சண்டைக் காட்சி நடக்கும்போது தவிர மற்ற நேரங்களில் அந்த விளையாட்டைப் பதிந்துவிட்டு நிறுத்தலாம் என்பதை நானும் தெரிந்து வைத்திருக்கிறேன்!

போன வாரம் அம்மா போன் செய்தபோது பையன்தான் எடுத்தான். இருபது நிமிஷம் பேசினான். நடுவில் என்னைக் கூப்பிடவே இல்லை. கடைசியில் போனை என்னிடம் கொடுத்தான். அம்மா சொன்னாள்: "ஏன்டி, இவன் வாயை மூடறதுக்கு ஏதாவது மெஷின் இருக்கா பாரு!"